கிராண்டில் யார் பெயர்?

அன்புள்ள மருமகனுக்கு,

சுங்கை பாலாஸ் தோட்டத்திலிருந்து மாமா எழுதுவது. பிரிஞ்சாங்கில் யாரோ ஒருவர் மைவி காடி விற்கிறாராம். முன்பணம் கொஞ்சம் கொடுத்துவிட்டு மாதத் தவணையைக் கட்டிக்கொண்டு வந்தால் போதுமாம், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். உன் அம்மா போனில் சொன்னதும், பேசித் தீர்க்கிற விஷயமில்லை, எழுதிவிடுவதே நல்லது என்று மாமாவுக்குத் தோன்றியது.

காடி நல்ல காடியாகவே இருக்கலாம். சிக்கல் காடியில் இல்லை, அந்தப் பேச்சில் இருக்கிறது. சம்புங் பாயார் என்று ஊரெல்லாம் சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதுதான் இது. மலேசியாவில் தவணைக் கடனில் வாங்கிய காடி கடைசித் தவணை கட்டி முடியும் வரை பேங்கின் சொத்து. 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பேங்குக்குத் தெரியாமல் கடன்காரர் அதை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது குற்றம். வாங்கியவர் மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கொடுப்பார். அந்தப் பணம் பேங்குக்குப் போனதா, விற்றவரின் வேறு கடனுக்குப் போனதா என்பது அவருக்குத் தெரியாது. அடுத்தடுத்து இரண்டு தவணை விழுந்துவிட்டால், 21 நாள் அவகாசம் கொடுத்து பேங்க் அறிவிப்பு அனுப்பும். அந்தக் கடிதம் யார் வீட்டுக்குப் போகும்? கடன் யார் பெயரிலோ அவர் வீட்டுக்கு. காடியை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு, தானா ராத்தாவில் நிறுத்தியிருந்த இடத்தில் காடி இல்லாதபோதுதான் சங்கதி தெரியும். போலீசுக்குப் போனாலும் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்காது.

முக்கால் பங்கு கடனைக் கட்டி முடித்தவரிடமிருந்து கோர்ட் உத்தரவு இல்லாமல் காடியைப் பறிக்க முடியாது என்று அதே சட்டம் ஒரு பாதுகாப்பும் தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது கடன் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கான பாதுகாப்பு. சம்புங் பாயாரில் வாங்கியவர் கடைசித் தவணை வரை கட்டியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்நியர்தான். விற்றவர் மனம் மாறி, காடி திருடு போய்விட்டது என்று புகார் கொடுத்தால் அதற்கும் அவரிடம் பதில் இருக்காது.

நம் பிள்ளைகள் இதில் ஏன் விழுகிறார்கள் என்பதும் மாமாவுக்குத் தெரியாததல்ல. காய்கறித் தோட்டத்தில் சம்பளம் ரொக்கமாக வருகிறது. சம்பளச் சீட்டு இல்லை. பேங்க் கடன் தர மறுக்கிறது. அப்படிப்பட்டவருக்கு, கைப்பணம் கொடுத்துத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்ளும் பழைய கஞ்சில் காடி, பிறர் பெயரில் ஓடும் புதுசு மாதிரி மைவியைவிட எவ்வளவோ மேல். பார்க்க அழகாக இருக்காது என்பது உண்மை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கிராண்ட், அதாவது காடியின் உரிமைப் பத்திரம். நகல் வேண்டாம், போனில் எடுத்த படமும் வேண்டாம். பேங்கின் உரிமைக் குறிப்பு இன்னும் அதில் இருக்கிறதா, பெயருள்ளவர் எதிரில் நிற்பவர்தானா என்று அடையாள அட்டையை வாங்கி ஒப்பிட வேண்டும். சேசி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காடியில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். கட்டாத சம்மன், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் கறுப்புப் பட்டியல் இரண்டும் பெயர் மாற்றத்துக்குத் தடையாக வந்து நிற்கும். அவற்றை விற்பவரே தன் கணக்கைத் திறந்து முன்னால் காட்டட்டும். தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

தோட்டத்தில் அடிக்கடி வருகிற இன்னொரு வகை: காடி இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கும், விற்பவர் மகன். ஏமாற்று எதுவும் இருக்காது, நல்ல குடும்பமாகவே இருக்கும். ஆனாலும் வாரிசுக்கு உரிமை மாற்றும் பத்திரம் அமானா ராயா நிறுவனம் வழியாகவோ கோர்ட் வழியாகவோ வந்து சேரும் வரை, அந்த மகன் கையெழுத்துக்கு ஜேபிஜேயில் மதிப்பில்லை. முன்பணம்கூட அதற்குப் பிறகுதான்.

லேண்ட் ரோவர் ஆசை உனக்கும் இருப்பதாகக் கேள்வி. மலையில் பிறந்தவனுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் ஏறுகிற அந்தப் பழைய பெட்டிகளில் பலவற்றுக்கு உடம்பு ஒரு வயது, இன்ஜின் வேறு வயது. ஜப்பான் டீசல் இன்ஜினை மாற்றிப் போட்டிருப்பார்கள். மாற்றியது தப்பில்லை, ஜேபிஜேயில் பதிந்து கிராண்டில் இன்ஜின் எண்ணைத் திருத்தியிருந்தால். திருத்தவில்லை என்றால் அந்த வண்டி தோட்டத்துக்குள் ராஜா, தாப்பா இறங்கினால் குற்றவாளி.

அடுத்தது தண்ணீர். 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, கனமழைக்கு நடுவே ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் காடிகளும் சேற்றில் புரண்டன. உயிர்களும் போயின. அதைவிடப் பெரிய வெள்ளம் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் காடிகளின் கூரை மட்டும் தெரிந்த படங்களை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதமும் அடுத்த மாதமும் நாடு முழுக்க ஏற்பட்ட வெள்ள நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குப் போட்டது. அதில் வாகனங்கள் மட்டும் 100 கோடி. அந்த வாகனங்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கே போய்விட்டன என்று நினைப்பவர் உலகம் தெரியாதவர்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதவர் இழப்பீடு கேட்டிருக்க மாட்டார். கேட்காத இழப்பீடு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எனவே காப்புறுதிப் பதிவில் கோரிக்கை எதுவும் இல்லை என்று ஒருவர் காட்டினால், காடி நனையவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் காடிக்குள் பூஞ்சை வாடை அடித்தாலே சந்தேகப்படுவார்கள். நம் மலையில் பனிமூட்டத்தில் எல்லாக் காடியும் அப்படித்தான் வாடை அடிக்கும், அதனால் மூக்கை நம்பிப் பயனில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் சேற்றுக் கறை தெரியும். ஸ்பேர் டயரைத் தூக்கினால் அடியில் வண்டல். சீட் ஓடுகிற தண்டவாளத்தில் துரு. கழுவி வாசனை தெளிப்பவர்கள் இந்த மூன்று இடத்துக்கும் அவ்வளவாகப் போவதில்லை.

மீட்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதைத் திருப்புவது சுலபம். மிதிகட்டை ரப்பரின் தேய்மானத்தையும் சர்வீஸ் புத்தகத்தின் முத்திரைகளையும் திருப்புவது அவ்வளவு சுலபமில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. 20,000 கிலோமீட்டர்கூட ஓடாத காடி என்று சொல்லிவிட்டு நான்கு டயரும் புதிதாக இருந்தால், பழைய டயர்கள் எங்கே என்று கேட்கலாம்.

மீட்டர் உண்மையே சொன்னாலும் மலைக் காடிக்கு அது பாதி உண்மைதான். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவிலேயே ஏறி, அதே வளைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்கும் காடிக்கும், நெடுஞ்சாலையில் நேராக ஓடும் காடிக்கும் ஒரே கிலோமீட்டர் ஒரே தேய்மானமல்ல. கிளட்ச், பிரேக் டிஸ்க், ரேடியேட்டர் மூன்றையும் காடி பழுதுபார்க்கும் ஃபோர்மன் தனியாகப் பார்க்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் தாழ்ந்திருந்தால் அந்தச் சின்னக் காடி உரமூட்டையும் சுமந்திருக்கிறது.

இனி சொல்வது காசு பற்றியதல்ல. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்று விபத்தில் சிக்கியது. விரிந்த ஏர்பேக்கின் உள்ளிருந்து உலோகத் துண்டு பாய்ந்து, ஓட்டிய கர்ப்பிணிப் பெண் இறந்தார், பிள்ளையும் பிழைக்கவில்லை. தகாத்தா நிறுவனத்தின் ஏர்பேக்கால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்ததாகத் தெரியவந்த முதல் மரணம் அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் அதன் வெடிமருந்து சீக்கிரம் கெட்டுப்போகும். நிறுவனங்கள் காடிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகவே மாற்றித் தருகின்றன. ஆனால் அழைப்புக் கடிதம் பதிவில் உள்ளவருக்குத்தான் போகும். கை மாறிக்கொண்டே போன பழைய காடியின் இன்றைய சொந்தக்காரருக்கு வந்து சேராமல் போகலாம். பழைய ஹோண்டா, டொயோட்டா எதுவானாலும் சேசி எண்ணைச் சொல்லி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுவிட வேண்டும். கேள்விக்குக் காசில்லை.

விற்பவர் புஸ்பகோம் பரிசோதனையில் தேறிய காடி என்று தாளை நீட்டினால், அது எந்தப் பரிசோதனை என்று பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான பி5 முக்கியமாக அடையாளப் பரிசோதனை: எண்கள் சரியா, வெட்டி ஒட்டிய காடியா, கண்ணாடிக் கறுப்பு அளவுக்கு மேலா என்பதையே அது பார்க்கும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டி, உடம்புக்கு நோயில்லை என்று சொல்வது போலத்தான் அதைக் காட்டி இன்ஜினைப் புகழ்வதும்.

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய காடிச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல காடி வைத்திருப்பவர் விலை கட்டாமல் ஒதுங்கிவிடுவார், ஓட்டை மட்டும் மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நம் தோட்டத்தில் அந்த இடைவெளியை 'தெரிஞ்சவர்' என்ற ஒரே சொல்லால் நிரப்பிவிடுகிறோம். தெரிந்தவரும் அந்தக் காடியை யாரோ ஒருவரிடமிருந்துதானே வாங்கியிருப்பார்! அவருக்கு முந்தைய கை எது என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

காடிக் கடையில் வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். தனி ஆளிடம் வாங்கியதற்கு அங்கே வழக்கு எடுக்க மாட்டார்கள், வியாபாரி மீதுதான் எடுப்பார்கள். பிரிஞ்சாங்காரர் தனி ஆள் என்பதை மனதில் வைத்துக்கொள்.

அவர் நேர்மையானவர் என்றால் வழி சுலபம். மீதிக் கடன் எவ்வளவு என்று பேங்கிடமிருந்து எழுத்தில் வாங்கட்டும். விலையில் அந்தத் தொகை நேராக பேங்குக்குப் போகட்டும், மிச்சம் அவருக்கு. பேங்க் உரிமையை விடுவித்த பிறகு, காப்புறுதியை உன் பெயரில் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்தே ஜேபிஜேக்குப் போங்கள். இதற்கு அவர் ஒத்துக்கொண்டால் மாமாவே ஃபோர்மனோடு வருகிறேன். ஒன்று மட்டும்: சனி ஞாயிறு வேண்டாம். கீ ஃபார்மில் டூரிஸ்ட் காடிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், மூன்றாவது கியர் போட்டுப் பார்க்கக்கூட வழியிருக்காது. செவ்வாயோ புதனோ காலையில், இன்ஜின் சூடாகும் முன்னால் பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
மாமா