சீட்டுக்கு முன்னால் வேலை

கதிர்காமம்,
புதுச்சேரி.

அன்பு மகள் கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். சட்டப் படிப்பு முடிந்ததும் அரசியலுக்கு வரப்போவதாகச் சொன்னாயாம். உன் அம்மா கலங்கிப்போயிருக்கிறாள். நான் தடுக்க மாட்டேன், தாராளமாக வா. ஆனால் எந்தக் கட்சியில் சேர்ந்தால் சீக்கிரம் சீட்டு கிடைக்கும் என்று என்னிடம் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மக்கள் தலைவர் வ. சுப்பையாவின் பெயர் உனக்குத் தெரியும். அவர் வாழ்க்கையை வருஷ வாரியாக ஒருமுறை பார். 1911-ல் பிறந்தார். 1934 பிப்ரவரியில் காந்தி புதுச்சேரிக்கு வந்தபோது அந்த ஏற்பாட்டில் முன்நின்றவர் அவர். அதே ஆண்டு ஜூனில் ‘சுதந்திரம்’ பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. கையில் பதவி ஏதும் கிடையாது. மில் வாசலில் நின்று தொழிலாளிகளோடு பேசுவதும், அவர்கள் சொன்னதை எழுதுவதும், சங்கம் கட்டுவதும்தான் அவர் வேலை.

1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில்லில் என்ன நடந்தது என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளிகள் செத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தேதியில் சங்கக்காரர்கள் கொடியோடு வந்து தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். சுப்பையா அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அப்போது பாரிசில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஆட்சி. பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். 1937-ல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. எட்டு மணி நேர வேலையில் ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று நம் ஊர்த் தொழிலாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இதைக் கவனி, கயல். சட்டம் வந்தது 1937-ல். பாரிசில் பிரெஞ்சு நாடாளுமன்ற மேல்சபைக்கு அவர் போனது 1947-ல். சபையில் இடம் கிடைப்பதற்குப் பத்து வருஷம் முன்பே சட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் அங்கே போனபோது அவர் பின்னால் ஒரு ஊரே இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் அவர் கட்சி பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் இருந்தபடியே உரிமை கேட்டது. இந்தியாவோடு இணைவது என்ற முடிவுக்கு அது பிறகுதான் வந்தது. மாறியதை ஊரறிய மாறினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1950-ல் அவர் வீடே கொளுத்தப்பட்டது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சுதந்திரம் வந்த பிறகும் சுப்பையா நம் சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார், பிறகு அமைச்சராகவும் இருந்தார். 1993-ல் மறையும் வரை ஊர் அவரைத் தோழர் என்றே கூப்பிட்டது. நீயும் ஒருநாள் கருத்தை மாற்றிக்கொள்ள நேரலாம். அப்போது காரணத்தை மேடையிலேயே சொல். சொல்லாமல் மாறுகிறவனைத்தான் ஜனங்கள் மன்னிப்பதில்லை.

இப்போது உனக்கு என் யோசனை. லீவில் இங்கே வந்துவிடு. காலையில் நம் கதிர்காமம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ. ஓ.பி. சீட்டு வாங்கியும் எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிற கிழவியைக் கூட்டிக்கொண்டு போய் விடு. சாயங்காலம் தெருவில் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடு. யாருக்கு எந்தத் தாள் இல்லாமல் மனு திரும்பியது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. நீ படித்த சட்டம் முதலில் அந்த நோட்டுக்குத்தான் உதவ வேண்டும். ஒரு வருஷம் இப்படிச் செய்தால், எந்தக் கட்சி உனக்குச் சரி என்பதை நீயே கண்டுகொள்வாய். என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

சீட்டு கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் செய்த வேலை வீண்போகாது. நன்றாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள், பரீட்சை முடிந்ததும் புறப்பட்டு வா.

அன்புடன்,
பெரியப்பா