லேப் அறிக்கையைப் படித்துவிட்டு, தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அறிக்கையை ஒரே மூச்சில் படித்தேன். கல்லூரி லேப் கணினிகளை உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கும், அங்கிருந்து 24.04-க்கும் ஏற்றியதும் விர்ச்சுவல்பாக்ஸ் படுத்துவிட்டது, அதை நீ எப்படி எழுப்பினாய் என்பது விஷயம். 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்ததால் அப்கிரேடைத் தள்ளிப்போட முடியாது என்று நிர்வாகத்துக்கு விளக்கியது, முன்கூட்டியே பேக்கப் எடுத்தது, ஒவ்வொரு எல்டிஎஸ் பதிப்பாகத்தான் ஏற வேண்டும் என்பது, இதெல்லாம் உனக்கும் எனக்கும் தெரிந்த பாடம். அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். "பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தேன், சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய்.

எது சரியாகிவிட்டது?

நீயே ஒட்டியிருக்கும் அந்த எரர் பெட்டியின் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார். மேலே "கர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு", கூடவே மைனஸ் 1908 என்ற எண். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் கூகுளுக்கு ஓடிவிடுகிறார்கள். நீயும் ஓடியிருக்கிறாய். அதற்குக் கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் ஏறவில்லை அல்லது சரியாக அமைக்கப்படவில்லை, ரூட்டாக இருந்து அமைப்புக் கட்டளையை மறுபடி ஓட்டு என்கிறது. அதோடு நிற்கவில்லை. கணினியில் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் இந்த மாட்யூல்களுக்குக் கையொப்பம் இட வேண்டியிருக்கலாம் என்றும் சொல்கிறது, எந்தெந்த மாட்யூல் என்று பெயரோடு. கையொப்பம் இடு என்றுதான் சொல்கிறதே தவிர, செக்யூர் பூட்டை அணை என்று எங்கும் சொல்லவில்லை.

கட்டளை வரியில் நீ பார்த்த இன்னொரு செய்தியையும் அறிக்கையில் எடுத்துப் போட்டிருக்கிறாய்: "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்". கர்னல் இதைவிடத் தெளிவாகப் பேசாது. மாட்யூல் கம்பைல் ஆகியிருக்கிறது, ஆனால் எனக்குத் தெரிந்த சாவியின் கையொப்பம் அதில் இல்லை என்கிறது. இதற்கு இரண்டு பத்தி மேலே, "ரூட் ஃபோல்டரில் மோக் என்ற பெயரில் கிடந்த இரண்டு பழைய கோப்புகளை நீக்கினேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உனக்கு முன்னால் அந்த லேபைப் பார்த்துக்கொண்டவர் தன் சாவியை அந்த இயந்திரங்களில் பதிந்து, மாட்யூல்களுக்குக் கையாலேயே கையொப்பம் இட்டு வந்திருக்கிறார். நீ நீக்கியவை அந்தச் சாவியும் அதன் சான்றிதழும்.

நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் மர்மம் எதுவும் இல்லை. அப்கிரேடின்போது உபுண்டு, வெளி ரெபாசிட்டரிகளை முடக்கி வைக்கும். ஆரக்கிளின் ரெபாசிட்டரியும் அப்படித்தான் முடங்கியது. நீ பழைய 6.1-ஐ எடுத்துவிட்டு உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜிலிருந்து 7.0-ஐப் போட்டாய். கர்னல் 5.4-லிருந்து 6.8-க்குப் போயிருந்தது, ஆகவே டிகேஎம்எஸ் என்ற கருவி மாட்யூலைப் புதிதாகக் கம்பைல் செய்து, புதுச் சாவி ஒன்றை உருவாக்கிக் கையொப்பமும் இட்டது. அந்தச் சாவியை இயந்திரத்தில் பதிய ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த பூட்டில் நீலத்திரை ஒன்று வந்து பத்து விநாடி காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து, அந்தப் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். நீ உன் இருக்கையிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்திருக்கிறாய். நீலத்திரைகள் ஆளில்லாத லேபில் வந்து, பத்து விநாடி நின்று, போய்விட்டன. கணினிக்கு முன்னால் ஒரு மனிதர் நேரில் உட்கார்ந்திருக்கிறார் என்று உறுதிசெய்துகொள்ளத்தான் அந்தத் திரையே இருக்கிறது. தொலைவிலிருந்து நுழைந்த ஒருவனால் அதைத் தாண்ட முடியக் கூடாது.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது கடைசிப் பக்கம். "வேறு சிக்கல்கள்" என்ற தலைப்பில், டூயல் பூட் கணினிகளில் விண்டோஸ் பக்கம் போனால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கிறது, மைக்ரோசாஃப்ட் அப்டேட் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அது வேறு சிக்கல் இல்லை தம்பி, நீ செய்த வேலை அது. பிட்லாக்கர் தன் சாவியை டிபிஎம் சிப்பில் பூட்டி வைக்கும்போது செக்யூர் பூட்டின் நிலையையும் அளந்து வைத்துக்கொள்கிறது. நீ அதை அணைத்ததும் அளவு மாறிவிட்டது, யாரோ இயந்திரத்தைத் தொட்டுவிட்டார்கள் என்று பிட்லாக்கர் சரியாகவே சந்தேகப்படுகிறது. ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகளை நீ இரண்டு பக்கங்களில் தனித்தனியாக எழுதி, ஒன்றைத் தீர்வு என்றும் மற்றதைச் சிக்கல் என்றும் சொல்லியிருக்கிறாய்.

மாணவர்கள் எங்கெங்கோ சுற்றிய பென்டிரைவ்களைக் கொண்டுவந்து செருகுகிற லேப் அது. கையொப்பமில்லாத பூட்லோடர் ஏறாமல் தடுக்கிற ஒரே காவல் செக்யூர் பூட். அதைத் திரும்ப இயக்கு. புதுச் சாவியை மோக்யுடில் கொண்டு இறக்குமதிக்கு வை, ஒவ்வொரு கணினியின் முன்னாலும் போய் உட்கார்ந்து நீலத்திரையை முடி. இயந்திரத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். இனி வருகிற கர்னல்களுக்கு டிகேஎம்எஸ் அதே சாவியால் தானே கையொப்பம் இட்டுக்கொள்ளும்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நினைப்பாய். நான் இந்த வேலைக்கு வந்தபோது விர்ச்சுவல்பாக்ஸே கிடையாது. 1999-ல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன்தான் எங்களுக்குக் கதி. விர்ச்சுவல் மெஷின்களுக்கான விடி-எக்ஸ் என்ற வசதியை இன்டெல் சிப்புக்குள் வைத்ததே 2005-ல்தான். அதற்கு முன்னால் விஎம்வேர், உள்ளே ஓடும் இயங்குதளத்தின் ஆபத்தான கட்டளைகளை ஓட்டத்திலேயே மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. லினக்ஸ் கர்னலின் எண் கொஞ்சம் நகர்ந்தால் போதும், விஎம்மான், விஎம்நெட் என்ற இரண்டு மாட்யூல்களும் கம்பைல் ஆக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நிறுவனத்தின் அடுத்த பதிப்பு வர மாதக்கணக்கில் ஆகும். செக் நாட்டில் பெட்ர் வாண்ட்ரோவெட்ஸ் என்ற ஒருவர் 'எனி எனி அப்டேட்' என்ற பெயரில் பேட்ச் தொகுப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருப்பார். அந்த வரிசை எண் நூறைத் தாண்டிப் போனது. இறக்கி ஓட்டினால் வேலை முடிந்துவிடும். எங்கள் குழுவில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் அப்படி ஓட்ட விட மாட்டார். பேட்சை உள்ளே திறந்து, எந்த ஃபங்ஷனின் பெயர் மாறியது, எந்த ஆர்கியூமென்ட் காணாமல் போனது என்று முதலில் காட்டு என்பார். காட்டிய பிறகுதான் ரூட் பாஸ்வேர்டு கைக்கு வரும். விர்ச்சுவல்பாக்ஸை ஜெர்மனியின் இன்னோடெக் 2007-ல் திறமூலமாக வெளியிட்டது, அடுத்த ஆண்டே அது சன் மைக்ரோசிஸ்டம்ஸிடம் போனது, 2010-ல் ஆரக்கிளிடம் வந்தது. கை மாறியதே தவிர உள்ளமைப்பு அப்படியேதான் இருக்கிறது. பாதி உன் டெஸ்க்டாப்பில் ஓடுகிற சாதாரண மென்பொருள், மறுபாதி கர்னலுக்குள் குடியிருக்கிறது. விடி-எக்ஸை இயக்கும் கட்டளையைக் கர்னல் உரிமையோடுதான் கொடுக்க முடியும் என்பதால் வேறு வழியில்லை. அப்கிரேடு செய்யும்போது அந்த மறுபாதிக்குக் கீழே இருக்கிற தரை மாறுகிறது.

இப்போது ஆறு கணினிகளின் விவகாரத்துக்கு வருகிறேன். மாட்யூல் ஏறிய பிறகும் அந்த ஆறில் மட்டும் "விடி-எக்ஸை வேறொரு ஹைப்பர்வைசர் பயன்படுத்துகிறது" என்று எரர் வந்ததாகவும், விர்ச்சுவல்பாக்ஸை நீக்கி மறுபடி நிறுவி, பல முறை ரீஸ்டார்ட் செய்ததும் போய்விட்டதாகவும், காரணம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். மறுபடி நிறுவியதால் அது போயிருக்கவே முடியாது. லினக்ஸ் கர்னல் 6.12, 2024 நவம்பரில் வந்தபோது, கர்னலின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம்மின் பழக்கம் மாறியது. முன்பெல்லாம் யாராவது கேவிஎம்மில் ஒரு விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கினால்தான் அது விடி-எக்ஸைக் கையில் எடுக்கும். 6.12 முதல் மாட்யூல் ஏறும்போதே எடுத்துக்கொள்கிறது, பிறகு வருகிற விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு இடமில்லை. உபுண்டு 24.04-க்கு 2025 ஆகஸ்டில் புது வன்பொருளுக்கான கர்னல் 6.14 ஆனது. சில கணினிகள் அந்த வரிசையிலும் மற்றவை 6.8-லும் நிற்பது லேப்களில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. உன் ஆறும் அந்த ரகமா என்று அறிக்கையை மூன்று முறை புரட்டினேன். கர்னல் எண்ணே இல்லை.

அந்த எண் பதிவாகும் இடம் ஒன்று இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினின் ஃபோல்டருக்குள் 'லாக்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் நான்கு கோப்புகள் இருக்கும், இப்போதைய ஓட்டத்துக்கு ஒன்று, முந்தைய மூன்று ஓட்டங்களுக்கு மூன்று. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போதும் எல்லாம் ஒரு படி பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் இருப்பது அழிந்துபோகும். அதாவது, முதல் தோல்விக்குப் பிறகு நான்கு முறை முயன்றால் அந்த முதல் தோல்வியின் சாட்சியம் போய்விட்டது. நீ எத்தனை முறை முயன்றாய் என்று எனக்குத் தெரியாது, "பல முறை" என்கிறாய். அந்தக் கோப்பின் முதல் சில வரிகளிலேயே விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பு, ஹோஸ்ட் இயங்குதளம், கர்னல் எண் எல்லாம் இருக்கும். விர்ச்சுவல் மெஷின் தொடங்கவில்லை என்றால் மறுபடி ஸ்டார்ட்டை அழுத்துவதற்கு முன்னால் அந்த ஃபோல்டரை வேறிடத்துக்கு நகல் எடு. என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் நான் இதைச் சொல்லிச் சொல்லியே உயிரை வாங்கியதாகச் சொல்வார்கள், வாங்கத்தான் செய்தேன்.

விண்டோஸில் இதே சண்டை சத்தமில்லாமல் நடக்கும் என்பதையும் நினைவில் வை. விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி விழித்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் எரர் காட்டாமல் அதன் தோளில் ஏறி மெதுவாக ஓடும். ஜன்னலின் கீழ்ப்பட்டியில் சின்னதாக ஒரு பச்சை ஆமை மட்டும் தெரியும். அதைப் பார்க்காதவர்கள் ரேம் போதவில்லை என்று ரேம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் லேபுக்கு உன்னை மாற்றினால் முதலில் ஆமையைத் தேடு.

மாணவர்கள் பாதியில் சேவ் செய்து வைத்திருந்த நிலைகள் 7.0-ல் திறக்கவில்லை, டிஸ்கார்ட் செய்தேன் என்கிறாய். ஓடுகிற கணினியின் மின்கம்பியைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்றுதான். அடுத்த முறை அப்கிரேடுக்கு முந்தின நாள் எல்லா விர்ச்சுவல் மெஷின்களையும் முறையாக ஷட் டவுன் செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டு.

இவ்வளவும் சொன்னேன். உன் நான்காம் பக்கத்தை என்ன சொல்லிப் பாராட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் பற்றிய அந்தப் பத்தி! பழைய லேப் பயிற்சிகள் எல்லாம் 192.168.100 வரிசையில் எழுதப்பட்டவை. அப்கிரேடுக்குப் பிறகு அந்த முகவரியை விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்க மறுத்தது. நீ பதறவில்லை. அப்கிரேடு ஆகாத ஒரு கணினியையும் ஆன ஒரு கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 6.1.28 முதல் 192.168.56-லிருந்து 63 வரையிலான வரிசைகளுக்கு மட்டுமே இயல்பான அனுமதி என்பதைக் கண்டுபிடித்து, அனுமதிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து முடித்திருக்கிறாய். என்ன வரி, எந்தக் கோப்பு, எந்த எரர், எந்தப் பதிப்பு, எல்லாம் இருக்கிறது. அந்தக் கோப்பைத் திருத்தாமல் லேப் முகவரிகளையே மாற்றிவிடலாமா என்று யோசித்து, அச்சடித்த பயிற்சிப் புத்தகங்களுக்காக வேண்டாம் என்று முடிவெடுத்ததையும் எழுதியிருக்கிறாய். இருபது வருடம் சர்வர் அறையில் கிடந்தவர்கள்கூட இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து இங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன், உன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை எழுதிய கைதான் இரண்டாம் பக்கத்தையும் எழுதியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

அந்த ஆறு கணினிகள் விஷயத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் லாக் போய்விட்டாலும் எல்லாம் போய்விடவில்லை. சிஸ்டம் ஜர்னல் முந்தைய பூட்களையும் சேர்த்து வைத்திருக்கும். எரர் வந்த நாளின் பூட்டை எடுத்தால் முதல் வரியிலேயே கர்னல் எண் இருக்கும். 6.14 என்று இருந்தால் காரணம் நான் மேலே சொன்னதுதான். யாரோ க்ரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்ததால் தற்காலிகமாகப் போயிருக்கிறது, அது திரும்ப வரும். கேவிஎம் ஏறும்போதே விடி-எக்ஸை எடுக்காதபடி அதன் பூட் அளவுருவைச் சுழியாக்கிவிடு. 6.8 என்று இருந்தால் அந்த நேரத்தில் கேவிஎம்மில் எதுவோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மொபைல் ஆப் வகுப்பு எந்தக் கணினிகளில் நடக்கிறது என்று கேட்டுப் பார். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் லினக்ஸில் கேவிஎம்மைத்தான் பிடித்துக்கொள்ளும். எந்த எண் என்று பார்த்து எனக்கு எழுது, ஆறுக்கும் தனித்தனியாக.

அன்புடன்,
அக்கா