ஆசிரியைக்கு வீட்டுக் கேக் கொடுக்கலாமா?

கேள்வி: மகள் இங்கே அரசாங்க ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். ஆண்டு முடிவில் ஆசிரியர்களுக்கு நானே லவ் கேக் செய்து கொடுக்க விரும்புகிறேன். இத்தாலியச் சட்டம் அதற்கு இடம் தருமா?
- ஒரு தாய், வியா மக்வேதா, பலெர்மோ

பதில்: தாராளமாகக் கொடுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் (2013, ஆணை 62) மரியாதை நிமித்தமான சிறு அன்பளிப்பை எப்போதாவது ஏற்க அனுமதிக்கின்றன. பொதுவான உச்சவரம்பு 150 யூரோ. அதைக் குறைத்து வைக்கும் அலுவலகங்களும் உண்டு. ஒரு கேக் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது. ஆனாலும் மதிப்பெண் வழங்கி முடிந்த பிறகு கொடுப்பதே அழகு.

லவ் கேக்கில் முட்டை, பட்டர், ரவை, கஜு நான்கும் உண்டு. நான்குமே ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டுள்ள 14 ஒவ்வாமைப் பொருள் வகைகளுக்குள் வருபவை. எனவே சேர்த்த பொருட்களை இத்தாலிய மொழியில் எழுதி பெட்டியில் ஒட்டிவிடுங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்குப் பகிர்வதென்றால் மட்டும் முன்கூட்டியே பள்ளியின் அனுமதி பெறுங்கள். பல பள்ளிகள் வீட்டுப் பலகாரத்தை வகுப்பில் அனுமதிப்பதில்லை.

இன்னொன்று: காலையில் கதவு திறந்து, வகுப்பறை கூட்டி, உங்கள் மகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல மறந்துவிடாதீர்கள்.