இழுக்கும் வண்டியின் கியர் பெட்டிச் சூடு



நம் பிள்ளைகள் பலர் இன்று சாரதி வேலை பார்க்கிறார்கள். சிலர் லீசிங்கில் கெப் வண்டி எடுத்து, ட்ரெயிலர் பூட்டி ஹயர் ஓடுகிறார்கள். எஞ்சின் சூட்டை எல்லோரும் கவனிக்கிறோம். கியர் பெட்டி ஒயிலின் சூட்டை யாரும் கவனிப்பதில்லை. ஓட்டோ கியர் வண்டியில் இதுதான் பெரிய ஆபத்து.

ஏன் சூடாகிறது?

ஓட்டோ கியரில் எஞ்சினின் பலத்தைச் சில்லுக்குக் கடத்துவது ஒயில்தான். பாரம் கூடி வேகம் குறைந்தால், எஞ்சின் சுற்றும் அளவுக்குச் சில்லு சுற்றாது. நடுவில் அகப்பட்ட ஒயில் கடைபட்டுச் சூடேறும்.

பெரியமடுவில் நெல் மூட்டை ஏற்றி நுவரெலியாவுக்கு வரும் கெப் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மன்னார் பக்கம் தரை சமம். அங்கே வெயிலும் மணல் பாதையும்தான் சோதனை. கம்பளை தாண்டி, புசல்லாவை, றம்பொடை என்று ஏறும்போது கதை வேறு. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். அந்த ஏற்றத்தில்தான் ஒயில் வேகும்.

எவ்வளவு சூடு தாங்கும்?

பொதுவாக 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை நல்லது. 120ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு.

செய்ய வேண்டியவை

1. கைநூலில் போட்ட இழுவைப் பாரத்தை மீறாதீர்கள். ட்ரெயிலரின் எடையும் அதில் சேரும்.
2. ஏற்றத்தில் ஓவர்டிரைவை நிறுத்தி, கீழ் கியரில் நிதானமாக ஏறுங்கள்.
3. இறக்கத்திலும் கீழ் கியர்தான். நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.
4. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைத் தாங்காதீர்கள். பிரேக் போடுங்கள்.
5. ஒயிலைப் பாருங்கள். புதிதில் பெரும்பாலும் சிவப்பு. கறுத்து, கருகல் மணம் வந்தால் கராஜுக்குப் போங்கள்.
6. அடிக்கடி இழுப்பவர்கள் ஒயில் கூலரும் சூடு காட்டும் மீற்றரும் பூட்டுவது நல்லது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால்?

ஓரமாக நிறுத்தி, கியரை 'பார்க்'கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். எஞ்சினை உடனே அணைக்க வேண்டாம். அது ஓடினால்தான் ஒயில் சுற்றி ஆறும். விளக்கு அணைந்த பிறகு புறப்படுங்கள். புகையோ ஒயில் ஒழுக்கோ கண்டால் மட்டும் அணைத்துவிடுங்கள்.

கை கியர் வண்டிக்காரரும் கவனிக்க வேண்டும். கிளச்சில் கால் வைத்தபடி ஏறினால் கிளச் எரிந்துவிடும்.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்குத் திறந்தது. விலையோ எட்டாத உயரம். கியர் பெட்டி போனால் வண்டி கராஜில் நிற்கும், லீசிங் தவணை நிற்காது. அம்மாவின் நகை அடகுக்குப் போகும். பத்து நிமிஷம் ஓரமாக நிற்பதில் நட்டமில்லை.