பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா: எக்ஸெல்லில் ஒரு படிப்புத் திட்டம்

"பிள்ளையின் படிப்புக்காக" என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வாங்கப்படுகிறது. வாங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து அதில் கேமும் சினிமாவும்தான் ஓடுகின்றன. "படிப்புக்கு இதை வைத்து என்னதான் செய்வது?" என்று கேட்கும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் இந்தப் பாடம். இதற்குப் புதிய சாஃப்ட்வேர் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். எக்ஸெல் இருந்தால் போதும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

எடுத்துக்கொள்ளும் பாடம், பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் இயற்கணிதம், அதாவது அல்ஜீப்ரா. "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு மாணவர் முடிவு கட்டிக்கொள்வது பல நேரங்களில் இந்தப் பாடத்தில்தான். அந்த முடிவோடு பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்பைத் தேர்ந்தெடுத்தால், பிறகு இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கான வழி அடைபடுகிறது. உண்மையில் அவருக்கு வராதது கணக்கா, அல்லது கீழ் வகுப்பில் விட்டுப்போன பின்னக் கூட்டலா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்குத்தான் இந்தத் திட்டம்.

வகுப்பு உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன?

தமிழக அரசு 2019-ல் வெளியிட்ட பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதம் மூன்றாவது பாடம். மூன்று மாறிகளில் அமைந்த சமன்பாடுகள், பல்லுறுப்புக் கோவைகளின் மீ.பொ.வ. மற்றும் மீ.பொ.ம., விகிதமுறு கோவைகள், வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடுகள், வரைபடங்கள், அணிகள் ஆகியவை இதில் வருகின்றன. அந்தப் புத்தகத்தின்படி நடந்த பொதுத்தேர்வுகளில் 8 மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஒன்று வடிவியல், மற்றொன்று வரைபடம். உங்கள் கையில் இருப்பது வேறு பதிப்பு அல்லது வேறு பாடத்திட்டப் புத்தகம் என்றால், அதன் பொருளடக்கத்தைப் பார்த்துத் தலைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். திட்டம் போடும் முறை மாறாது.

கீழ் வகுப்புப் பாடம் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் ஆசிரியர் இந்தப் பாடத்தைத் தொடங்குவார். ஆகவே கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன், ஒரு தாளில் இந்த ஐந்து கணக்குகளைப் போட்டுப் பாருங்கள்.

1. −3 − (−5) எவ்வளவு? (விடை 2)
2. 2/3 + 1/4 எவ்வளவு? (விடை 11/12)
3. 2எக்ஸ் − 7 = 11 என்றால் எக்ஸ் எவ்வளவு? (விடை 9)
4. எக்ஸ்² + 5எக்ஸ் + 6-ஐக் காரணிப்படுத்துக. (விடை (எக்ஸ் + 2)(எக்ஸ் + 3))
5. (எக்ஸ் + 3)²-ஐ விரித்து எழுதுக. (விடை எக்ஸ்² + 6எக்ஸ் + 9)

ஐந்தும் சரி என்றால் நேராகப் பாடத்துக்குப் போகலாம். முதல் இரண்டில் தடுமாற்றம் இருந்தால் ஒரு வாரத்தைக் குறிகளுக்கும் பின்னங்களுக்கும் ஒதுக்குங்கள். கடைசி இரண்டு வரவில்லை என்றால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் காரணிப்படுத்தல் பகுதியை முதலில் முடியுங்கள். பெற்றோர் இதற்குத் திட்ட வேண்டாம். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டதே, அதுவே பாதி வேலை.

திட்ட ஷீட் தயாரிப்போம்

இந்தக் கட்டுரையில் செல்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஏ1, பி2 என்று அச்சிட்டிருக்கிறோம். திரையில் நெடுவரிசைகளின் தலையில் அவை ஆங்கில எழுத்துகளாக இருக்கும். ஏ என்பது முதல் நெடுவரிசை, பி இரண்டாவது, சி மூன்றாவது, டி நான்காவது, ஈ ஐந்தாவது, எஃப் ஆறாவது.

1. எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் ஏ1 முதல் எஃப்1 வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யவும்: பகுதி, கணக்குகள், நிமிடம், மொத்தம், முடித்தவை, மீதி.

2. ஏ2 முதல் ஏ8 வரை பாடத்தின் ஏழு பகுதிகளை எழுதவும். பி நெடுவரிசையில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை கணக்குகள் என்பதைப் புத்தகத்தைப் பார்த்து எண்ணி நிரப்பவும். சி நெடுவரிசையில் ஒரு கணக்குக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்ற உங்கள் மதிப்பீட்டைத் தரவும்.

பயிற்சிக்காக இந்த எண்களை வைத்துக்கொள்வோம். இவை மாதிரி எண்கள்தான். உங்கள் எண்கள் வேறாக இருக்கும்.

மூன்று மாறிச் சமன்பாடுகள்: 20 கணக்குகள், 12 நிமிடம்
மீ.பொ.வ., மீ.பொ.ம.: 20 கணக்குகள், 9 நிமிடம்
விகிதமுறு கோவைகள்: 24 கணக்குகள், 8 நிமிடம்
வர்க்கமூலம்: 12 கணக்குகள், 10 நிமிடம்
இருபடிச் சமன்பாடுகள்: 60 கணக்குகள், 7 நிமிடம்
வரைபடங்கள்: 16 கணக்குகள், 20 நிமிடம்
அணிகள்: 40 கணக்குகள், 6 நிமிடம்

3. டி2 செல்லில் கர்சரை வைத்து = குறியைத் தட்டவும். பிறகு மவுஸால் பி2-ஐக் க்ளிக் செய்து, * குறியைத் தட்டி, சி2-ஐக் க்ளிக் செய்து, என்டர் தட்டவும். 240 என்று விடை வரும். கம்ப்யூட்டரில் பெருக்கல் குறி * என்பதை நினைவில் வைக்கவும்.

4. மீண்டும் டி2-ஐக் க்ளிக் செய்யவும். செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து டி8 வரை இழுத்து விடவும். எல்லா வரிசைகளுக்கும் விடை வந்துவிடும்.

5. எஃப்2-ல் மீதி வேலைக்கான ஃபார்முலா. = தட்டி, அடைப்புக்குறியைத் திறந்து, பி2-ஐக் க்ளிக் செய்து, − தட்டி, ஈ2-ஐக் க்ளிக் செய்து, அடைப்புக்குறியை மூடி, * தட்டி, சி2-ஐக் க்ளிக் செய்து, என்டர் தட்டவும். இதையும் எஃப்8 வரை இழுக்கவும்.

6. எஃப்9-ல் கர்சரை வைத்து, டூல்பாரில் கூட்டல் அடையாளமாக உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். 1712 என்று வரும். ஆக மொத்தம் 1712 நிமிடம், ஏறத்தாழ இருபத்தெட்டரை மணி நேரம்.

7. ஏ11-ல் "வாரத்துக்கு நிமிடம்" என்றும் பி11-ல் 160 என்றும் கொடுக்கவும். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்ற கணக்கு. ஏ12-ல் "தேவையான வாரங்கள்" என்று எழுதி, பி12-ல் எஃப்9-ஐ பி11-ஆல் வகுக்கும் ஃபார்முலாவைத் தரவும். வகுத்தல் குறி / ஆகும். விடை 10.7.

ஃபைலை மறக்காமல் சேவ் செய்யுங்கள். மலை போலத் தெரிந்த பாடம் நாளுக்கு 40 நிமிட வேலையாகச் சுருங்கிவிட்டது, பார்த்தீர்களா?

செய்ததே அல்ஜீப்ராதான்

மேலே போட்ட ஃபார்முலாவைக் கவனியுங்கள். பி2-க்குள் 20 இருந்தாலும் 35 இருந்தாலும் "பி2 பெருக்கல் சி2" என்பது மாறவில்லை. எண் வந்து உட்காரும் இடத்துக்கு ஒரு பெயர். அல்ஜீப்ராவில் எக்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்துப் பயப்படும் மாணவருக்கு ஒரு காலி செல்லைக் காட்டிப் புரிய வைக்கலாம்.

இன்னொன்று. தேர்வுக்கு 10 வாரம் இருக்கிறது என்போம். காய்ச்சல், விசேஷம், ரிவிஷன் ஆகியவற்றுக்கு 2 வாரம் ஒதுக்கினால் கையில் இருப்பது 8 வாரம். அப்படியானால் வாரத்துக்கு எத்தனை நிமிடம் படிக்க வேண்டும்? இதைக் கண்டுபிடிக்க எக்ஸெல்லில் கோல் சீக் என்ற வசதி உள்ளது. டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதன் கீழ் இது கிடைக்கும். பழைய எக்ஸெல் 2003-லும், லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் டூல்ஸ் மெனுவில் பார்க்கவும். திறக்கும் சிறு விண்டோவில் முதல் கட்டத்தில் பி12, இரண்டாவதில் 8, மூன்றாவதில் பி11 எனக் கொடுத்து ஓகே அழுத்தவும்.

பி11-ல் 214 அல்லது அதற்கு மிக நெருங்கிய எண் வரும். சரியாக 214 வராவிட்டால் குழம்ப வேண்டாம். கோல் சீக் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு விடையை நெருங்குகிறது; போதுமான அளவு நெருங்கியதும் நின்றுவிடும். ஆனால் 8எக்ஸ் = 1712 என்று எழுதி இரு பக்கமும் 8-ஆல் வகுத்தால் எக்ஸ் = 214 என்று துல்லியமாகக் கிடைக்கிறது. கையால் தீர்க்கும் முறையை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில்.

முதல் வாரம் முடிந்ததும்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் எந்த வேலையையும் நாங்கள் இப்படித்தான் துண்டு துண்டாகப் பிரித்து நேரம் மதிப்பிடுகிறோம். முதல் மதிப்பீடு சரியாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வேலை தொடங்கிய பிறகு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து, மதிப்பீட்டைத் திருத்துவோம். நீங்களும் அதையே செய்யுங்கள். 12 நிமிடம் என்று போட்ட கணக்குக்கு 18 நிமிடம் ஆகிறதா? சி2-ஐ 18 என்று மாற்றுங்கள். டி2-ல் 240 என்பது 360 ஆகிவிடும். பி12-ல் வாரக் கணக்கும் தானே மாறும். ஈ நெடுவரிசையில் முடித்த கணக்குகளை வாரம் ஒருமுறை நிரப்பினால் மீதி குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும்.

தவறு நோட்டு

கீழே ஷீட் 2 என்ற டேபைக் க்ளிக் செய்யவும். அது இல்லாவிட்டால் அருகிலுள்ள + குறியை அழுத்தினால் புது ஷீட் வரும். அதில் தேதி, கணக்கு எண், தவறு வகை என மூன்று தலைப்புகள் போதும். தவறு வகைக்கு எண் கொடுங்கள்: 1 என்றால் குறித் தவறு, 2 பின்னத் தவறு, 3 எடுத்து எழுதியதில் தவறு, 4 முறையே தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து சார்ட் வசதி மூலம் தவறு வகைப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் 1 என்று இருந்தால் டியூஷன் தேவையில்லை, நிதானம்தான் தேவை. பெரும்பாலும் 4 என்றால் அந்தப் பகுதியை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். "சார், ஒண்ணுமே புரியலை" என்பதைவிட, "சார், விகிதமுறு கோவையில் கழித்தல் மட்டும் வரலை" என்று கேட்டால் அவருக்கும் சொல்லித்தருவது எளிது.

விடையைச் சரிபார்க்க

(எக்ஸ் + 3)² என்பதை எக்ஸ்² + 9 என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. புது ஷீட்டில் ஏ நெடுவரிசையில் 0 முதல் 5 வரை எண்களைக் கொடுத்து, பி-யில் முதல் கோவையையும் சி-யில் இரண்டாவதையும் கணக்கிடுங்கள். பி-யில் 9, 16, 25, 36, 49, 64 என்றும், சி-யில் 9, 10, 13, 18, 25, 34 என்றும் வரும். வித்தியாசம் 0, 6, 12, 18, 24, 30. விட்டுப்போன 6எக்ஸ் அப்படியே அகப்பட்டுக்கொண்டது. எக்ஸ் = 0 என்ற ஒரே இடத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதையும் கவனிக்கவும். ஒரு மதிப்பைப் போட்டு மட்டும் சரிபார்த்தால் ஏமாந்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். எக்ஸெல்லில் =−3^2 என்று தட்டினால் 9 வரும். ஆனால் கணக்கில் −3² என்பது −9. எக்ஸெல் குறியை முதலில் சேர்த்துக்கொள்கிறது. =−(3^2) என அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும். அதேபோல் 3/4 என்று நேரடியாக டைப் செய்தால் எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். =3/4 என்று தரவும்.

வரைபடக் கணக்குகளையும் இங்கே சரிபார்க்கலாம். அட்டவணையை செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் ஸ்கேட்டர் வகை சார்ட்டைத் தேர்ந்தெடுக்கவும். லைன் சார்ட் வேண்டாம்; அது எக்ஸ் மதிப்புகளை எண்களாகப் பாவிக்காமல் வெறும் பெயர்களாக வரிசையில் வைத்துவிடும். ஆனால் முதலில் கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்த பிறகே திரையில் பார்க்க வேண்டும். பரீட்சை ஹாலில் மவுஸ் இருக்காது.

தெரிந்து கொள்ளுங்கள்

அல்ஜீப்ரா என்ற சொல், 9-ம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள அல் ஜபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. புரோகிராமர்கள் தினமும் சொல்லும் அல்காரிதம் என்ற சொல் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. பர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட் விசிகால்க், 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் டேன் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன்.

பெற்றோருக்கு

ஷீட்டை நிரப்ப வேண்டியவர் பிள்ளைதான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் அருகில் உட்கார்ந்து பார்த்தால் போதும். பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: மீதி எவ்வளவு, தேவையான வாரம் எவ்வளவு. கையிலுள்ள வாரத்தைவிடத் தேவையான வாரம் கூடிவிட்டால், எதைக் குறைப்பது, எந்த நாளில் நேரம் சேர்ப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். "ஏன் படிக்கலை?" என்று கேட்பதைவிட இந்தப் பேச்சால் பலன் அதிகம்.

இந்த வாரமே ஷீட்டைத் தயார் செய்து, முதல் பகுதியின் கணக்குகளை எண்ணி நிரப்புங்கள்.