உண்பவர் வயலைத் தேடி வரும் குன்றுகள்

விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் சென்று விற்பது உலகெங்கும் உழவர் வழக்கம். இதற்கு மாறாக, உண்பவரே வயலைத் தேடி நடந்து வந்து, விளைந்த இடத்திலேயே உண்டு, உரிய விலையும் கொடுத்துச் செல்லும் முறை இத்தாலி நாட்டில் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. வழிகாட்டி ஒருவருடன் சிறு குழுவினர் ஒரு வார காலம் ஊர் ஊராக நடந்து, அந்தந்த வட்டாரத்தின் உணவையும், ஒயின் என்னும் திராட்சை மதுவையும் அறிந்து வருவது அங்கு பலரும் விரும்பும் விடுமுறையாகும். மது அருந்துவதைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. இந்த நடையினால் உழவருக்குக் கிடைப்பது என்ன, அதைக் காக்க அவர்கள் செய்வது என்ன என்பதையே இங்கு காண்போம். வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தில் உள்ள லாங்கே குன்றுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பெண் கொடுக்க மறுத்த ஊர்கள்

துரின் நகருக்குத் தென்கிழக்கே, ஆல்பா என்னும் சிறு நகரைச் சூழ்ந்துள்ளவை லாங்கே குன்றுகள். இன்று செல்வம் கொழிக்கும் இவ்வூர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் பல ஆண்டுகள் வறுமையில் வாடின. துண்டு நிலம், செங்குத்தான சரிவு, ஆலங்கட்டி மழை, வணிகர் வைத்ததே விலை என்ற நிலை. 1950, 1960-ஆம் ஆண்டுகளில் இளைஞர்கள் துரினில் இருந்த கார்த் தொழிற்சாலைக்கும், ஆல்பாவில் 1946-இல் தொடங்கிய மிட்டாய்த் தொழிற்சாலைக்கும் வேலைக்குச் சென்றனர். குன்றில் நிலம் வைத்திருப்பவனுக்கு வாழ்க்கைப்பட உள்ளூர்ப் பெண்கள் விரும்பவில்லை. ஆகவே தென் இத்தாலியின் ஏழை ஊர்களிலிருந்து மணப்பெண்கள் அழைத்து வரப்பட்டனர். நூத்தோ ரெவெல்லி என்ற எழுத்தாளர் இம்மக்களின் வாய்மொழிகளைத் தொகுத்து 1977, 1985-ஆம் ஆண்டுகளில் நூல்களாக வெளியிட்டுள்ளார். நிலத்தை விட்டு வெளியேறுவதே பிழைக்கும் வழி என்று எண்ணிய இவ்வூர்களுக்கு இன்று வெளிநாட்டார் நடந்து வருகின்றனர்.

சரிவைப் பார்த்துப் பயிர்

நடைப்பயணக் குழு நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிலோமீட்டர் வரை நடக்கும். பெட்டி படுக்கைகள் வண்டியில் முன்னதாகச் சென்றுவிடும். லா மோரா என்ற ஊர் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் உள்ளது. அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களின் ஊடே இறங்கினால், ஐந்தாறு கிலோமீட்டரில் பரோலோ என்ற ஊரை அடையலாம். மறுபுறம் ஏறினால் மோன்போர்த்தே.

இந்த வழியில் வழிகாட்டி முதலில் விளக்குவது சரிவின் திசையைத்தான். தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நன்கு விழும். அங்கே நெபியோலோ என்ற திராட்சை இரகத்தை நடுகின்றனர். இது அக்டோபரில்தான் முதிரும் நீண்டகால இரகம். ஆகவே நல்ல வெயில் வேண்டும். வெயில் குறைந்த இடங்களில் முன்னதாகப் பழுக்கும் தொல்செத்தோ போன்ற இரகங்கள். வடக்குச் சரிவிலும் உயர்ந்த மேடுகளிலும் ஹேசல் கொட்டை மரங்களும் காடும். மண் சுண்ணாம்புச் சத்து மிகுந்த களிமண். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி கொடி வரிசைகளைப் பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்கே அமைத்துள்ளனர். காரில் கடப்பவருக்கு இவை யாவும் ஒரே பச்சையாகத் தெரியும். நடப்பவருக்கே ஒவ்வொரு பயிரும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும். அவ்வாறு விளங்கிக் கொண்டவரே பின்னர் விலையைக் குறைத்துக் கேட்கமாட்டார்.

இலையில் தெரியும் வட்டாரம்

வழியில் பரிமாறப்படும் உணவு அந்த வட்டாரத்திற்கே உரியது. கோதுமை மாவில் முட்டையின் மஞ்சள் கருவை நிறையச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய இழைகளாக வெட்டி வேகவைப்பது தாயரீன். வெந்த இறைச்சியையும் கீரையையும் மாவில் வைத்து விரலால் கிள்ளி மூடிய சிறு கொழுக்கட்டை போன்றது பிளின். குளிர்காலத்தில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பிட்ட நெத்திலி மீன் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, சூடாக நடுவில் வைத்துக் காய்கறிகளைத் தோய்த்து உண்பது பாஞ்ஞா காவ்தா. கடல் இல்லாத இக்குன்றுகளுக்கு நெத்திலி எப்படி வந்தது? லிகூரியக் கடற்கரையிலிருந்து மலைவழியே உப்பு கொண்டுவந்த வணிகர்களுடன் வந்தது. இக்கதையும் உணவுடன் சேர்த்தே பரிமாறப்படுகிறது.

உயர்ந்த குன்றுகளில் ஆடு வளர்ப்போர் ரொபியோலா என்ற மென்மையான பாலாடைக்கட்டி செய்கின்றனர். ஹேசல் கொட்டையை வறுத்துப் பொடித்து அப்பம் சுடுகின்றனர். நெப்போலியன் காலத்தில் கோகோ வரத்துக் குறைந்தபோது, துரின் மிட்டாய்க்காரர்கள் கோகோவுடன் இக்கொட்டையைக் கலந்தனர். இன்று உலகெங்கும் விற்கும் ஹேசல் சாக்லேட் களிம்பும் 1964-இல் ஆல்பாவில் பிறந்ததே.

இலையுதிர் காலத்தில் வருவோர் விரும்பிக் காண்பது வெள்ளை டிரஃபிள். இது ஓக், பாப்லர், வில்லோ போன்ற மரங்களின் வேர்களுடன் கூடி மண்ணுக்குள் வளரும் காளான். பழக்கிய நாய் மோப்பம் பிடித்துக் காட்ட, உரிமம் பெற்றவர் சிறு கொத்தினால் தோண்டி எடுக்கிறார். எடுத்தபின் குழியை மூடிவிட வேண்டும் என்பது சட்டம். மூடாவிட்டால் வேர் காய்ந்து மறு ஆண்டு விளைவு கெடும்.

உழவுதான் முதல், விருந்து பிறகே

வருவோர் தங்குவதும் உண்பதும் பல இடங்களில் உழவர் வீட்டில்தான். இதற்கென இத்தாலி 1985-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2006-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இதன் முக்கிய விதிகள் வருமாறு:

விருந்தோம்பலை நடத்துபவர் உழவராக இருக்க வேண்டும். உழவு வேலையே முதன்மையாக இருக்க வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. பத்து விருந்தினருக்கு மேற்படாத சிறு உழவருக்கு இக்கணக்குத் தேவையில்லை. பண்ணையில் ஏற்கனவே உள்ள கட்டடங்களையே பயன்படுத்த வேண்டும். பரிமாறும் உணவில் பெரும்பகுதி சொந்தப் பண்ணையிலும் அவ்வட்டாரப் பண்ணைகளிலும் விளைந்ததாக இருக்க வேண்டும்.

இவ்விதிகளால் நகரத்து முதலாளி நிலத்தை வாங்கி விடுதி கட்டி, 'பண்ணை வீடு' என்று பலகை மாட்டுவது தடுக்கப்படுகிறது. பக்கத்துத் தோட்டத்தின் காய்கறிக்கும் பாலாடைக்கட்டிக்கும் விற்பனை கிடைக்கிறது. ஒரு வீட்டு விருந்தில் பல வீட்டு விளைச்சல் செலவாகிறது.

பெயருக்கு வேலி

பரோலோ என்பது ஊரின் பெயர். அங்கு செய்யும் ஒயினின் பெயரும் அதுவே. 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோ திராட்சையில் மட்டுமே இதைச் செய்யலாம். முழுவதும் வடக்கு நோக்கிய சரிவில் விளைந்தது ஏற்கப்படாது. எக்டருக்கு 8 டன்னுக்கு மேல், அதாவது ஏக்கருக்குச் சுமார் 3¼ டன்னுக்கு மேல் விளைச்சல் எடுக்கக் கூடாது. நம் பந்தல் திராட்சையை நோக்க இது மிகக் குறைவு. ஆகவே மிகுதிக் குலைகளைக் காயிலேயே வெட்டி எறிகின்றனர். ஒயினை 38 மாதங்கள் முதிரவிட வேண்டும்; அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். 1980 முதல் இதற்கு நாட்டின் மிக உயர்ந்த தர உத்தரவாதம் உண்டு.

இத்தனை வேலி எதற்கு என்பதை 1986-ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச்சில் இத்தாலியில் மலிவான ஒயினைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பார்வை இழந்தனர். காரம் குறைந்த ஒயினை வீரியம் உள்ளதாகக் காட்ட, பேராசை கொண்ட சிலர் மெத்தனால் என்ற நச்சுச் சாராயத்தைக் கலந்திருந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் இதே மெத்தனால்தான். குற்றம் செய்தவர் சிலர். ஆனால் வெளிநாடுகள் இத்தாலி ஒயின் முழுவதையுமே ஐயத்துடன் பார்த்தன, ஏற்றுமதி சரிந்தது. நேர்மையாகப் பாடுபட்ட குடும்பங்களும் அடிபட்டன.

அதன்பின் இவ்வுழவர்கள் தரம், பெயர், வெளிப்படை ஆகிய மூன்றையும் இறுகப் பற்றினர். வாங்குவோரைத் தோட்டத்திற்கும் பீப்பாய் அறைக்கும் அழைத்துக் காட்டுவதும் இதில் அடங்கும். நல்ல, தூய, நியாயமான உணவு வேண்டும் என்று கூறும் 'ஸ்லோ ஃபுட்' இயக்கமும் இப்பகுதியின் ப்ரா என்ற ஊரைச் சேர்ந்ததே. 2014-இல் இக்குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களை ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கவனிக்க வேண்டிய கேடு

புகழும் ஒரு சுமையே. பரோலோ எல்லைக்குள் நிலத்தின் விலை சிறு உழவர் வாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. காடும் ஓரமரங்களும் இருந்த இடங்களைத் திராட்சையும் ஹேசலும் பிடித்துக் கொண்டதால் டிரஃபிள் விளையும் மரங்கள் குறைந்தன. பலவகைப் பயிர்களைப் பார்க்கவே மக்கள் வருகிறார்கள். ஒரே பயிராகிவிட்டால் நடையில் பார்க்க என்ன இருக்கும்?

நாம் கொள்ளத்தக்கவை

நம் நாட்டிலும் ஊர்ப்பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 முதல் நடைமுறையில் உள்ளது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் இக்குறியீட்டைப் பெற்றது. குறியீடு பெற்ற வட்டாரத்து உழவர்கள் லாங்கே அனுபவத்திலிருந்து கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்வது நலம்.

1. குறியீடு என்பது வேலி மட்டுமே. உள்ளே தரம் இருந்தால்தான் வேலியால் பயன்.

2. வெளியூர்ச் சரக்கை நம் ஊர்ப் பெயரில் விற்பவர் ஒருவராயினும், இழப்பு ஊர் முழுவதற்கும்.

3. எந்த மண்ணில், எந்தச் சரிவில், ஏன் இப்பயிர் என்பதை வாங்குவோருக்குச் சொல்லப் பழகுங்கள். அதுவும் விலையின் ஒரு பகுதி.

4. விருந்தினர் வருமானம் துணை வருமானமே. அதற்காக உழவைக் கைவிட்டால், வந்து பார்க்க வயலே இராது.

5. அண்டை உழவரின் விளைபொருளையும் சேர்த்து வையுங்கள். தனி வீட்டிற்கு எவரும் அவ்வளவு தூரம் நடந்து வரமாட்டார்; ஊருக்கே வருவார்.