இசைக்கு ஏற்ற வன்தட்டு எது?

கணினியில் இசையமைக்கும் மாணவர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். கலைவிழாவுக்குப் பின்னணி இசை, குறும்படத்துக்குப் பாட்டு என விடுதி அறையிலேயே ஒலிப்பதிவு நடக்கிறது. மடிக்கணினி நிரம்பியதும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "எத்தனை டெராபைட் வாங்கலாம்?" என்பதுதான். அதைவிட, வேலைக்கு ஒரு வட்டு, பாதுகாப்புக்கு வேறு வட்டு என்று பிரித்துப் பார்ப்பதே நல்லது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு குரலை ஒரு நிமிடம் பதிந்தால் சுமார் 8.6 மெகாபைட் ஆகும். நான்கு நிமிடப் பாட்டுக்கு 35 மெகாபைட். குரல், மிருதங்கம், புல்லாங்குழல், கீபோர்டு என்று 24 தடங்கள் இருந்தால் ஏறக்குறைய 830 மெகாபைட். ஒவ்வொன்றையும் ஐந்து முறை பதிந்தாலும் 4 ஜிகாபைட்டைச் சற்றே தாண்டும். ஆக, ஒரு டெராபைட்டில் 200 பாட்டுகளுக்கு மேல் அடங்கும்.

அடுத்தது வேகம். அந்த 24 தடங்களும் ஒருசேர ஒலிக்க நொடிக்கு 3.5 மெகாபைட் போதும். சாதாரண வன்தட்டே இதைப்போலப் பல மடங்கு தரும். பிறகு ஏன் பாட்டு இடையிடையே திக்குகிறது?

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசியப் பள்ளிக்குப் போனவன் நான். அங்கே வன்தட்டுக்கு மலாயில் 'சக்கெரா கெராஸ்' என்று பெயர். நம் 'சக்கரம்' பிறந்த அதே சமஸ்கிருதச் சொல்தான் 'சக்கெரா'வுக்கும் மூலம். பெயருக்கேற்ப உள்ளே சக்கரம்போல் தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி எடுக்கும். தவில், நாதஸ்வரம் போன்ற மாதிரி ஒலித் தொகுப்புகளில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தேடி, படிக்கும் முனை அங்குமிங்கும் ஓட வேண்டும். தாமதம் அதனால்தான். எஸ்எஸ்டியில் அசையும் உறுப்பே கிடையாது. எனவே வேலைக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. அங்கே போகுமுன் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றே. வேகம் நொடிக்கு 5 ஜிகாபிட். டைப்-சி என்பது செருகியின் வடிவம் மட்டுமே, வேகம் அன்று. விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்வோர் வட்டை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கலாம். சொல்லும் விலையில் ஜிஎஸ்டி அடக்கமா என்று கேட்டு, ரசீதை வாங்கி வையுங்கள்.

பாதுகாப்புக்கு மட்டும் பழைய சுழலும் வட்டே போதும். விலை குறைவு. எஸ்எஸ்டியை மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டுவைத்தால் தரவு அழியவும் கூடும். ஆனால் சுழலும் வட்டு கீழே விழுந்தால் தாங்காது. ஆகவே ஒரே வட்டை நம்பக்கூடாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது துறையினர் கடைப்பிடிக்கும் விதி.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த என் பாட்டி பாடிய தாலாட்டை 11 நிமிடம் பதிந்து வைத்திருக்கிறேன். வெறும் 95 மெகாபைட். என் வட்டிலுள்ள பல மாதிரி ஒலித் தொகுப்புகள் அதைவிடப் பன்மடங்கு பெரியவை; அவை தொலைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பாட்டி இப்போது இல்லை. அந்தக் குரலை எந்தக் கடையில் வாங்குவது? அது என் எஸ்எஸ்டியில் ஒன்றும், விடுதி வன்தட்டில் ஒன்றும், ஜொகூரில் அம்மாவின் அலமாரியிலுள்ள வன்தட்டில் ஒன்றுமாக இருக்கிறது.

கையில் 200 வெள்ளிதான் இருக்கிறது என்றால், ஒரே பெரிய வட்டை வாங்காமல் சிறிய வட்டுகளாக இரண்டு வாங்குங்கள். நகலெடுத்ததோடு விடாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலைத் திறந்து கேட்டுப் பாருங்கள். திறக்காத நகல், நகலே ஆகாது.